30 அங்குல பேஸ்: ஈ ஸ்ட்ரிங் கீயில முழு தடிமனா சுத்துது, எந்த செட் வாங்குறது?

தண்டையார்பேட்டை_நாலுகம்பி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கையில இருக்குறது செகண்ட் ஹேண்ட் நாலு கம்பி பேஸ் கிட்டார். ஹெட்ல பேரு அழிஞ்சு போச்சு, அதனால மாடல் தெரியல. ஒரு பக்கம் ரெண்டு ட்யூனிங் கீ, இன்னொரு பக்கம் ரெண்டு கீ. நட்டுல (ஹெட் ஆரம்பிக்கிற இடத்துல பள்ளம் வெட்டின சின்னக் கட்டை) இருந்து 12-வது ஃப்ரெட் வரைக்கும் டேப் வெச்சா சரியா 15 அங்குலம். அப்போ ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங் அதிர்ற நீளம், 30 தானே?

கடையில "பேஸ் செட்டு"ன்னு கேட்டு வாங்கினது 45-105 (மெலிசு ஜி 45, தடிச்ச ஈ 105, அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்கு). பாக்கெட்ல லாங், ஷார்ட்னு ஒண்ணும் போடல. மாட்டினதும் ஈ ஸ்ட்ரிங்ல தடிச்ச பாகமே கீயில ரெண்டு சுத்து சுத்திக்கிச்சு. சிவப்பு நூல் சுத்தின மெல்லிசுப் பாகம் கீயைத் தாண்டி வெளிய நிக்குது. ஓப்பன் ஈ அடிச்சா சத்தம் நிக்காம "தொப்"னு அடங்கிடுது. ட்யூன் ஏத்தும்போது நட்டுல "கிணுக்"னு ஒரு சத்தம், அப்புறம் ஒரேயடியா சுதி தாவுது. மத்த மூணும் பரவால்ல.

வாசிக்கிறது சர்ச் பாடகர் குழுவுக்கு. எல்லாமே அரை சுதி இறக்கித்தான். பட்ஜெட் 2,000 பக்கம். இதுக்கு எந்த செட் சரியா உக்காரும்? இப்ப வாங்கினது மொத்தமா வேஸ்ட்டா?

---

ராயபுரம்_ரூட்நோட்:

ஸ்கேல் 30 தான், சரியா அளந்திருக்கீங்க. ஆனா ஷார்ட் ஸ்கேல் செட்டுன்னு தேடி அலைய வேணாம் ப்ரோ. எல்லாக் கடையிலயும் கிடைக்குறது லாங் தான். நீளமா இருக்குறதை வெட்டிப் போட வேண்டியதுதான். கீயைத் தாண்டி நாலு அங்குலம் விட்டு கட்டர்ல ஒரே வெட்டு, முடிஞ்சுது.

---

பெரம்பூர்_செட்டப்:

வெட்டலாம்ங்கிறது பாதி சரி, மீதிப் பாதியிலதான் ஸ்ட்ரிங் செத்துப் போகுது. அதைக் கீழ சொல்றேன். தம்பி, முதல்ல ரெண்டு அளவு எடுத்துப் போடுங்க:

பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங்கோட குண்டு உக்கார்ற இடத்துல இருந்து நட் வரைக்கும் எவ்வளவு? நட்ல இருந்து ஈ கீயோட நடு வரைக்கும் எவ்வளவு?

செட் வாங்குறதுக்கு ஸ்கேலை விட இந்த ரெண்டும்தான் முக்கியம். ஸ்கேல்ங்கிறது சேடில்ல (பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் மேல உக்கார்ற துண்டு) இருந்து நட் வரைக்கும். ஸ்ட்ரிங் அதுக்கு முன்னாடியே, பிரிட்ஜோட பின்சுவத்துல இருந்து கிளம்புது. சாதாரண பிரிட்ஜ்னா சேடிலுக்குப் பின்னாடி ஒண்ணு, ஒண்ணரை அங்குலம் கூடும். பாடியைத் துளைச்சு பின்னாடி இருந்து கோக்குற மாதிரி இருந்தா இன்னும் கூடும். வயலின் ஷேப் பேஸ்ல டெயில்பீஸ் தனியா தள்ளி இருக்கும். அதுல ஸ்கேல் 30-ஆ இருந்தாலும் சாதாரண ஷார்ட் செட் எட்டாமலே போகலாம். "30 அங்குலமா, அப்போ ஷார்ட்"னு கண்ணை மூடி வாங்கி ஏமாறுறது இங்கதான்.

---

தண்டையார்பேட்டை_நாலுகம்பி:

அளந்துட்டேன் அண்ணா. குண்டுல இருந்து நட் 31½ அங்குலம். நட்ல இருந்து ஈ கீ நடு 1¾. ஏ கீ 3¾. பாடி வழியா இல்ல, பிரிட்ஜ் பின்னாடி இருந்துதான் கோக்கணும்.

---

பெரம்பூர்_செட்டப்:

சரி, இப்ப கணக்கு சுலபம்.

பேஸ் ஸ்ட்ரிங்ல முழு தடிமன் ஒரு இடத்துல முடியும். அதுக்கு அப்புறம் மேல் சுத்து குறைஞ்சு மெலிசாகும், அது மேல நூல் சுத்தியிருக்கும். அந்த முழு தடிமன் நட்டைத் தாண்டின பிறகுதான் முடியணும், கீ மேல ஏறுறதுக்கு முன்னாடி முடியணும். உங்க ஈ-க்கு அந்த இடம் 31½-ல ஆரம்பிச்சு 33¼-ல முடியுது. மொத்தமே 1¾ அங்குல சந்து. ஸ்ட்ரிங் அந்த சந்துக்குள்ள மெலியணும், அவ்வளவுதான்.

பொதுவா ஷார்ட் செட்ல முழு தடிமன் 32 அங்குலம் பக்கம் முடியும். மீடியம் 34 பக்கம், லாங் 36, 37 பக்கம். கம்பெனிக்குக் கம்பெனி அரை அங்குலம், ஒரு அங்குலம் மாறும். உங்க சந்துல ஷார்ட் செட் நட்டைத் தாண்டி அரை அங்குலத்துல மெலியுது. பொருந்துது, ஆனா ரொம்பத் தாராளம்னு சொல்ல முடியாது. அதனால ஆர்டர் போடும்போது அந்த மாடலோட சுத்து நீளம் போட்டிருந்தா ஒரு தடவை பாத்துடுங்க. 31½-க்குக் கீழ இருந்தா நூல் சுத்தின பாகம் நட் மேலயே வந்து உக்காரும். ஓப்பன் ஸ்ட்ரிங் மட்டும் போர்வை போத்தின மாதிரி கேக்கும், ஃப்ரெட் புடிச்சா நல்லா இருக்கும். அப்படி ஆனா மீடியம் எடுங்க. 34-னா கீயைத் தாண்டி முக்கால் அங்குலம், அரைச் சுத்துதான் தடிமனா போகும். அழகு இல்ல, ஆனா கெடுதலும் இல்ல.

இப்ப நீங்க மாட்டியிருக்குறது லாங். சுமார் 36½-ல மெலியுதுன்னு வெச்சுக்கோங்க. கீ 33¼-ல இருக்கு. மிச்சம் 3¼ அங்குலம், அதாவது 82 மில்லி. கீயோட தண்டு 10 மில்லி, அது மேல 2.67 மில்லி ஸ்ட்ரிங். ஒரு சுத்துக்கு 40 மில்லி. ரெண்டு சுத்துக் கணக்கு சரியா வருது பாருங்க, நீங்க பாத்ததும் அதேதான்.

இனி அந்த "தொப்". உள்ள இருக்குற எஃகுக் கம்பிதான் கோர். அது மேல சுத்தின கம்பி கோரை இறுக்கிப் புடிச்சிருந்தாத்தான் ஒலி நிக்கும். 105 தடிமனை 10 மில்லி தண்டுல வளைச்சா வெளிப்பக்கம் சுத்து வாய் திறக்கும், உள்பக்கம் ஒண்ணு மேல ஒண்ணு நெருங்கும். அந்தத் தளர்ச்சி கீயோட நிக்காது, நட்டைத் தாண்டி வாசிக்கிற பாகத்துக்குள்ள நகர்ந்து வரும். அப்புறம் எவ்வளவு ட்யூன் பண்ணாலும் அந்த ஸ்ட்ரிங் உயிரோட வராது. அந்த ஈ-யைத் திரும்பப் போட வேணாம்.

மத்த மூணும் வேஸ்ட் இல்ல. உங்க ஏ கீ 35¼-ல வருது, தடிமன் ஒரு சுத்துக்கும் குறைவாத்தான் போகும். டி, ஜி மெலிசு, தண்டுல வளையறதால ஒண்ணும் ஆகாது. கழட்டினதும் துடைச்சு, சுருட்டி, ஜிப் கவர்ல போட்டு வைங்க. டி ஸ்ட்ரிங் திடீர்னு அறுந்தா அவசரத்துக்கு உதவும்.

---

ராயபுரம்_ரூட்நோட்:

அப்போ வெட்டுறதே தப்புன்னு சொல்றீங்களா? நுனியை வெட்டாம எந்த ஸ்ட்ரிங்கையும் மாட்ட முடியாதே.

---

பெரம்பூர்_செட்டப்:

வெட்டுறது தப்பு இல்ல, நேரா வச்சு வெட்டுறதுதான் தப்பு. முதல்ல ப்ளையர்ல 90 டிகிரி மடக்கணும், மடிப்புக்கு அந்தப் பக்கம் அரை அங்குலம் விட்டு வெட்டணும். அந்த மடிப்புதான் சுத்தைப் பூட்டுது. கோர் ஆறு பட்டையா இருந்தா சுத்து அந்த விளிம்புல கடிச்சுக்கும், மடக்காம வெட்டினாலும் ஓரளவு தப்பிக்கும். உருண்டை கோர்னா வெட்டின கையோட சுத்து சுழண்டு தளர்ந்துடும். விலை கம்மியான பாக்கெட்ல எந்த கோர்னு போட மாட்டாங்க, அதனால எல்லாத்தையும் உருண்டைன்னு நினைச்சே வெட்டுங்க.

ஃப்ளாட்வவுண்ட் வேற கதை. அதுல சுத்து பட்டையான நாடா. முழு தடிமனைத் தண்டுல வளைச்சா நாடா விரிசல் விட்டு நிமிரும், சில நேரம் மாட்டும்போதே அறுந்துடும். லாங் ஃப்ளாட்வவுண்டை ஷார்ட் பேஸ்ல போடவே கூடாது.

நீளம் விடுறதுல இன்னொண்ணு. நாலு அங்குலம்னு நீங்க சொன்னது தண்டுல ரெண்டரை, மூணு சுத்துக்குப் போதும். ஸ்ட்ரிங்கை நேரா இழுத்துக் கீ மேல வெச்சு, கீயோட நடுவுல இருந்து அளக்கணும். நுனியைத் தண்டு நடு ஓட்டையில முழுசா இறக்கி, அங்கேயே மடக்கி, மேல இருந்து கீழ பாத்து சுத்தணும். கீழ இறங்க இறங்க நட்டுக்குப் பின்னாடி சாய்வு கிடைக்கும். சாய்வு இல்லேன்னா ஓப்பன் ஸ்ட்ரிங் நட்ல ஆடிக்கிட்டே இருக்கும். மாட்டுற நேரத்துல ஸ்ட்ரிங்கை முறுக்கிடாதீங்க, குண்டுப் பக்கம் தானா உருள விடுங்க. முறுக்கோட ஏத்தின ஸ்ட்ரிங் வட்டமா ஆடாது. 12-வது ஃப்ரெட்ல சுதி ஒத்துவராம சேடிலைப் போட்டு திருகிக்கிட்டே இருப்பீங்க.

---

மகாகவி_பாரதி_நகர்_லோஎண்ட்:

நீளம் முடிஞ்சுது, தடிமனுக்கு வருவோம். இந்தத் தம்பிக்கு அது நீளத்துக்குச் சமமான பிரச்சினை.

ஒரே ஸ்ட்ரிங், ஒரே சுதி, ஸ்கேல் மட்டும் 34-ல இருந்து 30. இழுவிசை நீளத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி குறையும். 30-ஐ 34-ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா 0.78. நூத்துக்கு 22 போச்சு. 105 கேஜ் ஈ 34 அங்குலத்துல சுமார் 18 கிலோ இழுக்கும், 30-ல அதுவே 14. நீங்க அரை சுதி இறக்குறீங்க, அதுல இன்னும் 11 சதவீதம் போகும். மிச்சம் 12½ கிலோ. அதனாலதான் ஷார்ட் பேஸ்ல மெலிசு செட் போட்டுட்டு "ஃப்ரெட்ல அடிக்குது, ஃப்ரெட்ல அடிக்குது"ன்னு ஆக்‌ஷனை (ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங்கோட உசரம்) மேல மேல ஏத்துறாங்க. கோளாறு ஆக்‌ஷன்ல இல்ல, ஸ்ட்ரிங் தொளதொளன்னு இருக்கு.

34-ல 105 குடுக்குற பிடிப்பு 30-ல வேணும்னா 119 தடிமன் போடணும். அது நட்ல உக்காராது, சத்தமும் மொத்தையா போகும். நடுவுல நிக்கிறதுதான் சரி. அரை சுதி இறக்குற ஷார்ட் பேஸுக்கு 50-105 எடுங்க. டடாரியோல இஎக்ஸ்எல் 160எஸ், கடைசில இருக்குற எஸ்தான் ஷார்ட். சாதா சுதியில வாசிக்கிறவங்களுக்கு இஎக்ஸ்எல் 170எஸ், 45-100 போதும். எஸ் இல்லாத 170 லாங், எம் போட்டது மீடியம், எஸ்எல்னா சூப்பர் லாங். அந்த ஒரு எழுத்துல மொத்தக் காசும் போயிடும், பில் போடுறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. எர்னி பால்லயும் ஷார்ட் ஸ்கேல் ஸ்லிங்கி 45-105-ல வருது.

விலை வாரத்துக்கு வாரம் மாறுது, அதனால எண் சொல்லல. உங்க பட்ஜெட்டை ஒட்டித்தான் இருக்கும், கொஞ்சம் தாண்டலாம். மவுண்ட் ரோடு கடைகளுக்குப் போறதா இருந்தா ஷார்ட் இருக்கான்னு போன்ல கேட்டுட்டு மெட்ரோ ஏறுங்க. பெரும்பாலும் ஸ்டாக் இருக்குறது லாங் தான். "இதுவே எல்லாத்துக்கும் உக்காரும்"னு யாராவது கையில திணிச்சா, 31½, 33¼-னு ரெண்டு எண்ணைச் சொல்லிட்டு வந்துடுங்க.

பாக்கெட்ல இன்னும் ரெண்டு பாக்கணும். பாஸ்பர் பிரான்ஸ்னு போட்டிருந்தா அது அக்கூஸ்டிக் பேஸ் செட். உங்க பிக்கப் காந்தத்துல வேலை செய்யுறது, பிரான்ஸ் அதுக்குச் சரியா புடிபடாது, சத்தம் ஒல்லியா வரும். நிக்கல் இல்ல ஸ்டீல்னு போட்டதை வாங்குங்க. ரெண்டு பக்கமும் குண்டு இருந்தா அது ஹெட்லெஸ் பேஸுக்கு, உங்களுதுல மாட்டவே முடியாது.

போலியும் சுத்துது. டடாரியோ பாக்கெட் உள்ள ஒரு கோட் நம்பர் இருக்கும், அதைக் கம்பெனி சைட்ல போட்டுப் பாக்கலாம். ரொம்ப சல்லிசாக் குடுத்தா இன்னும் கவனமா பாருங்க.

---

தண்டையார்பேட்டை_நாலுகம்பி:

ரொம்ப நன்றி அண்ணா. 50-105 போட்டா நட் தாங்குமா? இப்பவே கிணுக்குனு சத்தம் வருது. பழைய ஈ எவ்வளவு தடிமன்னு தெரியல.

---

பெரம்பூர்_செட்டப்:

அந்தச் சத்தமே பதில். ஸ்ட்ரிங் நட் பள்ளத்துல பிதுங்கி உக்காந்திருக்கு. கீயைத் திருகும்போது நகராம மாட்டிக்கிட்டு இழுவிசை சேருது, அப்புறம் ஒரேயடியா வழுக்குது. சுதி தாவுறது அதனாலதான்.

பழைய ஈ-யைத் தூக்கிப் போட்டுடலைன்னா வெர்னியர் வெச்சு அளங்க. 2.54 மில்லின்னா 100. 2.67-னா 105. ஏ-யில 2.03-னா 80, 2.16-னா 85. ஜி 1.14-னா 45, 1.27-னா 50. சாதாரண வெர்னியர் பாரிஸ் கார்னர் பக்கம் டூல்ஸ் கடையில சுலபமாக் கிடைக்கும். ஸ்ட்ரிங் மேல லேசா தொடுற அளவுக்கு மட்டும் புடிங்க, அழுத்தினா சுத்து நசுங்கிக் கம்மியாக் காட்டும்.

100-க்கு வெட்டின பள்ளத்துல 105 போடுறதுன்னா 0.13 மில்லி வித்தியாசம். பென்சில் கரியை நல்லாக் கூராக்கி பள்ளத்துல தேச்சா பாதிப் பேருக்கு இதோட சரியாகும். ஆகலைன்னா கெட்டுப் போன அந்த 105 ஈ-யையே அரமா வைங்க. ரவுண்ட்வவுண்டோட (உருண்டைக் கம்பி சுத்தின சாதா ஸ்ட்ரிங்) மேடு பள்ளம் பிளாஸ்டிக் நட்டை மெதுவா அரைக்கும், அகலமும் தானா சரியா வரும். பள்ளத்துல வெச்சு, ஹெட் பக்கம் கொஞ்சம் கீழ சாய்ச்சு, முன்னும் பின்னும் பத்து இழுப்பு. தூசி ஊதிட்டு புது ஸ்ட்ரிங் வெச்சுப் பாருங்க. மறுபடி பத்து. சுவரை மட்டும்தான் தேய்க்கணும், அடியை அழுத்தாதீங்க.

ஆழம் பாக்குறது இப்படி: மூணாவது ஃப்ரெட்ல ஸ்ட்ரிங்கை அழுத்திப் புடிச்சு, முதல் ஃப்ரெட் மேல இருக்குற இடைவெளியைப் பாருங்க. மெல்லிசா ஒரு தாள் நுழையுற சந்து தெரியணும். சந்தே இல்லாம ஃப்ரெட்ல ஒட்டினா பள்ளம் ஆழமாயிடுச்சு, ஓப்பன்ல மட்டும் இரையும். சந்து பெரிசா இருந்தா முதல் ஃப்ரெட் புடிக்கும்போது சுதி கூடிப் போகும். ஆழமாயிடுச்சுன்னா ஆப்பசோடா ஒரு சிட்டிகை பள்ளத்துல நிரப்பி, ஃபெவிக்விக் ஒரு சொட்டு விடுங்க. உடனே கல்லாகிடும், மறுபடி அரைச்சுக்கலாம். சொட்டு விடுறதுக்கு முன்னாடி நட்டைச் சுத்தி ஃபிங்கர்போர்டுல டேப் ஒட்டிடுங்க, வழிஞ்சா மரத்தை விட்டு எடுக்க முடியாது.

---

காசிமேடு_உப்புக்காத்து:

நடுவுல நுழையுறதுக்கு மன்னிக்கணும். ஊரு தண்டையார்பேட்டைன்னு இருக்கு. அப்படின்னா ஸ்ட்ரிங் சரியா உக்காந்தாலும் உப்புக்காத்து ரெண்டு மாசத்துல கொன்னுடும். புது செட் வாங்குற காசு அதுலதான் போகுது.

நிக்கல் செட்ல பூச்சு இருக்குறது மேல் சுத்துல. இடுக்குல ஈரமும் வேர்வை உப்பும் இறங்குச்சுன்னா துரு அங்கதான் கிளம்பும். கையில கருப்பா ஒட்ட ஆரம்பிச்சா அதுதான். வாசிச்சு முடிச்சதும் பழைய பனியன் துணியால ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் சுத்திப் புடிச்சு, அடிப்பக்கமும் சேர்த்து இழுத்துத் துடைங்க. எல்லாரும் மேல மட்டும் துடைக்கிறாங்க, அழுக்கு சேர்றது ஃப்ரெட்டைப் பாக்குற பக்கம். கிட்டாரை ஜன்னல் ஓரம் ஸ்டாண்டுல நிக்க வைக்காம பையில போட்டு, ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க. தேங்காய் எண்ணெய் தடவுற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. துரு நிக்கும், உண்மைதான். ஆனா இடுக்குல பிசினாகி ஒரே வாரத்துல சத்தம் அமுங்கிடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செட் கடலோரத்துக்கு நல்லாத் தாங்கும். ஆனா கடினம் ஜாஸ்தி, ஃப்ரெட்டைச் சீக்கிரம் தின்னும். செகண்ட் ஹேண்ட் பேஸ்ல ஃப்ரெட் ஏற்கெனவே தேஞ்சிருக்கும், அதுக்கு நிக்கலே போதும். இல்லேன்னா ஃப்ளாட்வவுண்ட் ஷார்ட் செட். விலை ரெண்டு மடங்கு பக்கம், ஆனா இடுக்கு இல்லாததால அழுக்கு இறங்காது, வருஷக்கணக்குல ஓடும். கொயர் பாட்டுக்கு அந்த மொழுக்கு சத்தம் நல்லாவே பொருந்தும்.

மங்கிப் போன செட்டைத் தண்ணில வேகவைக்கச் சொல்லுவாங்க. செய்யாதீங்க. அழுக்கு போகும், ஒரு வாரம் பளிச்சுன்னு கேக்கும், ஆனா கோருக்கும் சுத்துக்கும் நடுவுல தண்ணி நிக்கும். நம்ம பக்கத்து ஈரத்துல அது காயவே காயாது, உள்ள இருந்து துருப்பிடிச்சு வரும். அதுக்குப் பதில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ரிச்சி தெருவுல சர்க்யூட் போர்டு துடைக்கிறதுக்கு பாட்டில்ல விக்கிறாங்க. இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி பாட்டில்ல ஸ்ட்ரிங்கைச் சுருட்டி வெச்சு, மூழ்குற அளவு ஊத்தி, ராத்திரி முழுக்க விடுங்க. காலைல திரவம் சாம்பல் நிறமா இருக்கும், அவ்வளவும் அழுக்கு. துடைச்சு ஃபேன் காத்துல ஒரு மணி நேரம். நூல் சுத்தின நுனியை மட்டும் திரவத்துக்கு மேல நிறுத்திடுங்க, சாயம் கரையும். அடுப்பு, விளக்கு பக்கம் கூடாது. கிட்டார் பாலிஷ் மேல சிந்தவும் கூடாது.

இதையும் ஒரு செட்டுக்கு ரெண்டு தடவைக்கு மேல செய்யாதீங்க. கீயில மடிஞ்ச இடத்தை நிமித்தி மறுபடி மடிக்கிறதுல கோர் சோர்ந்து அங்கேயே அறுந்துடும்.

---

மகாகவி_பாரதி_நகர்_லோஎண்ட்:

புது செட் வந்ததும் ஒவ்வொண்ணா மாத்துங்க, நாலையும் ஒரே நேரம் கழட்டணும்னு இல்ல. ஃபிங்கர்போர்டு துடைக்கணும்னா கழட்டலாம், நெக்கு ஒண்ணும் ஒடிஞ்சுடாது.

மாட்டின பிறகு நட்டுக்கு முன்னாடியும் சேடிலுக்கு முன்னாடியும் ஸ்ட்ரிங்கைக் கட்டைவிரலால லேசா அழுத்துங்க. புது ஸ்ட்ரிங் அந்த இடத்துல வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கும். அழுத்தினா மூலை திரும்பிப் படியும், அப்புறம்தான் சுதியும் நிக்கும், 12-வது ஃப்ரெட் கணக்கும் ஒழுங்கா வரும்.

மெலிசுல இருந்து 50-105-க்குப் போனா நெக் கொஞ்சம் முன்னாடி வளையும். ஒரு நாள் விட்டுட்டுப் பாருங்க. முதல் ஃப்ரெட்ல கேப்போ (ஸ்ட்ரிங்கை அழுத்திப் புடிக்கிற கிளிப்), கடைசி ஃப்ரெட்ல விரல், நடுவுல எட்டாவது ஃப்ரெட் மேல 0.3 மில்லி சந்து இருக்கணும். கூட இருந்தா ட்ரஸ் ராடை (நெக் உள்ள இருக்குற இரும்புக் கம்பி) கடிகார முள் திசையில கால் திருப்பு, அதுக்கு மேல ஒரே நாள்ல வேணாம். ஐப்பசி கார்த்திகை மழையில மரம் ஈரம் குடிச்சு மறுபடி நகரும், அப்ப ஒரு தடவை பாத்துக்கோங்க.

கடைசியா 12-வது ஃப்ரெட். ஹார்மோனிக்கையும் (அழுத்தாம லேசாத் தொட்டு அடிக்கிறது) அழுத்திப் புடிச்ச ஸ்வரத்தையும் ட்யூனர்ல ஒப்பிடுங்க. புடிச்சது கூட இருந்தா சேடில் பின்னாடி, குறைஞ்சு இருந்தா முன்னாடி. ஒவ்வொரு திருகலுக்கும் மறுபடி ட்யூன் பண்ணித்தான் பாக்கணும்.

---

தண்டையார்பேட்டை_நாலுகம்பி:

50-105 ஷார்ட் ஆர்டர் போட்டாச்சு. ஒரே ஒரு சந்தேகம். இப்பவே ஈ சேடில் பின்னாடி கடைசி வரைக்கும் போய் ஸ்ப்ரிங் நசுங்கிக் கிடக்கு, இருந்தும் 12-வது ஃப்ரெட்ல கூடத்தான் காட்டுது. புது செட்ல என்ன பண்றது?

---

பெரம்பூர்_செட்டப்:

இப்ப காட்டுறதை நம்பாதீங்க, அது செத்த ஸ்ட்ரிங். புதுசு போட்டு ஒரு நாள் கழிச்சு அளங்க. முதல்ல ஆக்‌ஷனைப் பாருங்க. ஸ்ட்ரிங் உசரமா இருந்தா அழுத்தும்போதே சுதி ஏறும், அதை இறக்கினாலே சேடிலுக்கு இடம் கிடைச்சுடும்.

அப்பவும் பத்தலைன்னா ஈ-யைத் தளர்த்தி, சேடில் ஸ்க்ரூவை முழுசாக் கழட்டி, ஸ்ப்ரிங்கை எடுத்துட்டு ஸ்க்ரூவை மட்டும் திரும்பப் போடுங்க. நசுங்கின ஸ்ப்ரிங் அடைச்சிருந்த மூணு நாலு மில்லி அப்படியே கிடைக்கும். ஸ்ட்ரிங்கோட இழுவிசையே சேடிலை இடத்துல புடிச்சுக்கும். ஸ்ப்ரிங்கைப் பையில போட்டு வைங்க, மெலிசு செட்டுக்குப் போனா திரும்பத் தேவைப்படும்.